வாய் ஹாரன்

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பேட்டரி டிராலி ஓட்டுகிறேன். அதற்குச் சத்தமே கிடையாது. அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் "வண்டி வருது!" என்று கத்தியே ஆக வேண்டும். எங்கள் சூப்பர்வைசர் போட்ட சட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ரூமில் கூட இருப்பவன் புதிதாக வாங்கிய எலெக்ட்ரிக் டர்ட் பைக்கை வல்லம் வடகால் பக்கம் வறண்டு கிடந்த ஏரிக்குள் ஓட்டிப் பார்த்தேன். சாதாரண பைக்கில் பாதி கனம்கூட இல்லை. கியர் இல்லை, புகை இல்லை, முறுக்கினால் மேடெல்லாம் தாவுகிறது. ஹாரனும் இல்லை. எதிரே மேய்ந்த ஆடுகள் அசையவே இல்லை. பழக்க தோஷத்தில் "வண்டி வருது!" என்று கத்தினேன். மந்தையே சிதறி ஓடியது. குஷி தாங்காமல் கத்திக்கொண்டே சுற்றினேன்.

நட்டநடு ஏரியில் சார்ஜ் தீர்ந்தது. பொடிமண்ணில் தள்ளிப் பார்த்தால்தான் தெரிகிறது, இதை லேசான வண்டி என்று சொன்னவனை உதைக்க வேண்டும். மூச்சு வாங்கக் கரையேறினேன். அங்கே பாதை திரும்பியதும் வாய் தானாகவே "வண்டி வருது!" என்றது.

ஆடு மேய்த்த அம்மா என்னையும் பைக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வண்டி நின்னு பூட்ச்சு. ஹாரன் மட்டும் இன்னும் நல்லாத்தான் கீது!"