பிள்ளையார் கவர்

எங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகைக் கவர்களைத் தூக்கிப் போடுவதில்லை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் பெருமாளோ பிள்ளையாரோ அச்சடித்து வருவதை எந்தக் கையால் குப்பையில் போடுவது? திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் தபாலில் வந்தவை, லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் நேரில் வந்து கொடுத்தவை என்று பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு அடுக்கே சேர்ந்து கிடக்கும். கல்யாணமாகி கல்கத்தாவுக்கு வந்த புதிதில் அந்த அடுக்கைப் பார்த்துத்தான் மாதச் செலவைக் கவர் கவராகப் பிரித்துவைக்கிற யோசனை எனக்கு வந்தது.

ஃபோனில் தட்டினால் பணம் போகிற காலத்தில் கவரா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். தட்டத் தட்டப் போகிறது, போவது தெரிவதில்லை. என் கணவருக்குத் தேயிலைக் கம்பெனி ஒன்றில் கணக்கு வேலை. மூன்று வருஷமாகச் சம்பளம் இரண்டு தவணையாக வருகிறது, சில மாதம் இரண்டாவது தவணை வருவதே இல்லை. வந்த அன்றே ஏடிஎம்முக்குப் போய் எடுத்துவந்து, காப்பிப் பொடிக் கடையில் கெஞ்சிச் சில்லறை மாற்றி, கவர்களில் போட்டுவிடுவேன். மாவிலைத் தோரணம் போட்ட பச்சைக் கவர் பாலுக்கு. வேங்கடாசலபதி வாடகைக்கு. சாமி இல்லாமல் ரிப்பன் மட்டும் போட்ட நவநாகரிகக் கவர் கரண்டுக்கும் ஃபோனுக்கும். சிவப்புப் பிள்ளையார் கவர் பூஜைச் சந்தாவுக்கு. இந்த ஊரில் அது தனிச் செலவு. துர்கா பூஜை, காளி பூஜை, சரஸ்வதி பூஜை என்று வருஷம் பூராவும் தெரு க்ளப்காரர்கள் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் வந்து நிற்பார்கள்.

ஒவ்வொரு கவரின் மேலும் என்ன செலவு என்று தமிழில் எழுதிவைப்பேன். அதை என்னைத் தவிர வீட்டில் யாராலும் படிக்க முடியாது. என் கணவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், நன்றாகத் தமிழ் பேசுவார், ஒரு எழுத்து தெரியாது. பத்தாவது படிக்கிற என் பெண்ணுக்கு வங்காளி, இங்கிலீஷ், இந்தி எல்லாம் தண்ணீர் பட்ட பாடு, தமிழ் மட்டும் வாயோடு சரி. அவர்கள் இரண்டு பேருக்கும் கவர் என்றால் படம்தான். 'அந்தப் பெருமாளை எடு' என்பார் அவர். வாடகை என்று புரிந்துகொள்ள வேண்டும்.

நான் ஏன் சொல்லிக்கொடுக்கவில்லை என்று கேட்டால், முதலில் சோம்பல். பிறகு அது எனக்குச் சௌகரியமாகப் போய்விட்டது. எப்படி என்று சொல்கிறேன்.

திருச்சியில் என் அம்மா படுக்கையில் இருந்தாள். பக்கவாதம், வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. அண்ணா வீட்டில் அண்ணாவும் மன்னியும்தான் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மன்னி ஃபோனை அம்மா காதில் வைப்பாள். அம்மா கேட்பது ஒன்றே ஒன்று.

"எப்படி வர?"

"எப்ப வரேன்னு கேக்கறா" என்று மன்னி பக்கத்திலிருந்து திருத்துவாள். அம்மாவுக்கு வார்த்தைகள் அவ்வளவு தடுமாறும். வரேன்மா, வரேன்மா என்று நானும் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

எப்படிப் போவது? எனக்கும் பெண்ணுக்கும் போக வர டிக்கெட். போதாக்குறைக்கு, வருஷக்கணக்கில் எல்லாச் செலவையும் தூக்கிச் சுமக்கிற அண்ணா வீட்டில் வெறுங்கையை வீசிக்கொண்டு போய் நிற்க முடியுமா? அம்மாவுக்கு வைத்திருக்கிற ஆயாவின் ஒரு மாதச் சம்பளத்தையாவது மன்னி கையில் வைக்க வேண்டாமா? என் கணவரிடம் கேட்டால், "தை பொறக்கட்டும், பாக்கலாம்" என்பார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அவர் கண்ணில் படுகிற காசு தங்காது. ஒரு தடவை ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனது, ஒரு தடவை அவர் தங்கைக்கு வளைகாப்பு. இரண்டு தை பிறந்து போயே போய்விட்டது.

அதனால் சொல்லாமல் சேர்த்தேன். பால் கவரில் மீந்த இருபது, காய்கறியில் மிச்சம் பிடித்த ஐம்பது என்று, மீனாட்சி படம் போட்ட ஒரு கவரில். மேலே 'திருச்சி' என்று கொட்டை எழுத்தில் எழுதி, மற்றக் கவர்களோடு சேர்த்து அவர்கள் கண்ணெதிரிலேயே வைத்தேன். படிக்கத் தெரியாதவர்கள் வீட்டில் ஒளித்துவைப்பானேன்? எனக்கு அதில் ஒரு பெருமை வேறு. பெரிய சாமர்த்தியசாலி!

அந்தச் சித்திரையில் அவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. காளிகாட்டில் இருக்கிற பல் டாக்டர், வேருக்கு வைத்தியம் பண்ணி மேலே மூடி போட்டால் பல்லைக் காப்பாற்றலாம், பன்னிரண்டாயிரம் ஆகும் என்றார். பிடுங்கினால் சில நூறுதான்.

"உன் கவர்ல ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"எங்கேர்ந்து இருக்கும்? உப்புத் தண்ணி கொப்பளிச்சுப் பாருங்கோ" என்றேன். திருச்சிக் கவரில் அன்றைக்குப் பதினாலாயிரம் இருந்தது. நாலு நாள் கொப்பளித்தார். ஐந்தாம் நாள் போய்ப் பிடுங்கிக்கொண்டு, கன்னத்தைப் பொத்தியபடி டாலிகஞ்ச் ஆட்டோவில் ஏறி வீட்டுக்கு வந்தார். ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து கொடுத்தேன். வேறென்ன செய்ய?

ஆவணி கடைசியில் பணம் பதினெட்டாயிரம் ஆனது. எல்லாம் சின்ன நோட்டு. மீனாட்சி கவர் உப்பி, ஒரு பக்கம் ஒட்டு விட்டுவிட்டது. பிள்ளையார் கவர் வெல்வெட் ஒட்டிய கெட்டிக் கவர், எந்தப் பணக்காரர் வீட்டுக் கல்யாணமோ. பணத்தை அதில் மாற்றி, என் கையே அதில் போகக் கூடாது என்று வாயைப் பசை போட்டு ஒட்டினேன். சந்தாவுக்கு வைத்திருந்த ஐநூற்றி ஒன்றை மீனாட்சியில் போட்டேன். மேலே எழுதியிருந்ததை அடித்துவிட்டு மாற்றி எழுதினேன், தமிழில். துர்கா பூஜை முடிந்த கையோடு கிளம்புவது, அடுத்த வாரம் டிக்கெட் போடுவது என்று மனதுக்குள் எல்லாம் முடிவு பண்ணியாகிவிட்டது.

மூன்றாம் நாள் டாலிகஞ்சில் ஒரு வீட்டுச் சீமந்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆட்டோ இரைச்சலில் ஃபோன். என் பெண்.

"மா, க்ளப் காக்கு எல்லாம் வந்திருக்கா. பூஜோ சந்தா கேக்கறா."

"சந்தா கவரை எடுத்துக் குடு. எண்ணி வெச்சிருக்கேன், பிரிக்காதே, அப்படியே குடு."

"எந்தக் கவர் மா?"

கேட்டாள். அந்தக் குழந்தை கேட்டாள்! நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "என்னிக்கும் குடுக்கற கவர்தான்டி. கழுதை வயசாச்சு, இதுகூடத் தெரியாதா?" என்று கத்திவிட்டு ஃபோனை வைத்தேன். கவர் மாற்றியது அந்த நேரம் நினைவிலேயே இல்லை. சந்தா கவரில் எப்போதும் பத்து ரூபாய் நோட்டுகள்தான் அடைந்து கிடக்கும், குண்டாகத்தான் இருக்கும். அவளுக்கு எப்படிச் சந்தேகம் வரும்?

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, புடவை மாற்ற பீரோவைத் திறந்தேன். மீனாட்சி இருந்தாள். பிள்ளையாரைக் காணோம்.

க்ளப்புக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் நிஜமாகவே ஓடினேன், பட்டுப்புடவையோடு. உள்ளே நாலு பெரியவர்கள் பொரி கொறித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நாலு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"வாங்க பௌதி, வாங்க!" என்றார் காரியதரிசி தாதா. தாதா என்றால் அண்ணா, பௌதி என்றால் அண்ணி. அவர் பேசியது வங்காளியில், எனக்கு அது இப்போது தமிழாகத்தான் நினைவிருக்கிறது. "நாங்களே உங்க வீட்டுக்கு வரணும்னு இருந்தோம். இந்த வருஷம் வசூலே இல்ல. டாக் வாசிக்கறவங்களைக் கூப்பிட வேண்டாம், ஸ்பீக்கர்ல போட்டுக்கலாம்னு முடிவே பண்ணிட்டோம். உங்க கவரைப் பிரிச்சதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. மத்தியானமே ஆள் அனுப்பி மொத்தத்தையும் அட்வான்ஸா குடுத்தாச்சு."

டாக் என்பது பூஜையில் அடிக்கிற பெரிய மேளம். அது இல்லாமல் இவர்களுக்கு பூஜையே இல்லை.

"தாதா, அந்தக் கவர்..." என்று ஆரம்பித்தேன்.

"பத்திரமா இருக்கு பௌதி! சாமி படம் போட்டதைக் குப்பையில போடுவோமா?" என்று மேஜை இழுப்பறையைத் திறந்து, வெறும் கவரை இரண்டு கையாலும் எடுத்து, கண்ணில் ஒற்றி என்னிடம் நீட்டினார். கூடவே ரசீது, என் கணவர் பெயருக்கு. அதற்குள் யாரோ டீ வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். குடித்தேன். வேறென்ன செய்திருக்க முடியும், சொல்லுங்கள்? மேளக்காரன் வாங்கிக்கொண்ட பணத்தைப் பிடுங்கிக்கொண்டு வாருங்கள் என்பதா? டீயைக் குடித்துவிட்டு, வெறும் கவரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்த கோபம் முழுக்கப் பெண் மேல் பாய்ந்தது. "கண்ணு எங்கே போச்சு? மேல கொட்டை எழுத்துல எழுதியிருக்கேனே, கர்மம், பாக்க மாட்டியா?"

"நீ எழுதினது எனக்குப் படிக்கத் தெரியாதே மா" என்றாள், மெதுவாக.

படிக்கத் தெரியாது என்பதால்தானே எழுதினேன்.

அவர் ஆஃபீஸிலிருந்து வந்து ரசீதைப் பார்த்தார். பதினெட்டாயிரம் என்று எண்ணிலும் எழுத்திலும் இருந்தது. வங்காளி எழுத்து, அது அவருக்கு நன்றாகப் படிக்க வரும். "எங்கேர்ந்து வந்தது இவ்வளவு?" என்றார். சொன்னேன். திருச்சி, டிக்கெட், ஆயா சம்பளம், எப்போதிலிருந்து சேர்த்தேன் என்பது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், இரண்டு பேருக்கும் பாரம் இறங்கியிருக்கும். அவர் ரசீதை மடித்தபடி உட்கார்ந்திருந்தார். நாக்கு கன்னத்துக்குள் அந்தப் பல் இருந்த இடத்தைத் துழாவிக்கொண்டிருந்தது எனக்கு வெளியிலிருந்தே தெரிந்தது.

"நீ முதல்லயே சொல்லியிருக்கலாம்" என்றார்.

"நீங்க க்ளப்ல போய்க் கேளுங்கோளேன். உங்களோட படிச்சவாதானே எல்லாரும்."

"பொறந்ததுலேர்ந்து இந்தத் தெருவுல இருக்கேன். துர்கைக்குக் குடுத்துட்டுத் திருப்பிக் கேட்ட மதராஸி வீடுன்னு பேர் வந்தா நாளைக்கு எப்படி நடமாடறது? உன்னாலயே கேக்க முடியலையே."

நிஜம். என்னாலேயே முடியவில்லை. அண்ணாவிடம் கேட்கலாம்தான். அம்மாவின் மூத்திரத் துணியிலிருந்து மருந்து வரை சுமக்கிறவனிடம், என்னை அழைத்துக்கொள்ள டிக்கெட்டும் எடுத்து அனுப்பு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த மாதச் சம்பளமும் பாதிதான் வந்தது. டிக்கெட் போட வேண்டிய வாரம் வந்தது, போனது. "மார்கழிக்குள்ள வந்துடறேன்னு சொல்லுங்கோ" என்று மன்னியிடம் சொன்னேன்.

பூஜை வந்தது. பந்தல் திறந்த அன்று மைக்கில் எங்கள் வீட்டைச் சொன்னார்கள். தெருவில் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், எதிர்வீட்டு மாஷிமா என் கன்னத்தைத் தடவினாள். அம்மன் காலடிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். இவ்வளவு கிட்டத்தில் அவள் முகத்தைப் பார்த்தது அந்த வருஷம்தான். ஏன்டி இப்படிப் பண்ணினாய் என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். தமிழில் கேட்டதால் யாருக்கும் புரியவில்லை.

அம்மா கார்த்திகையில் போய்விட்டாள். டிக்கெட் அண்ணாதான் எடுத்தான், விமானத்தில். ஐஸ் பெட்டிக்குள் இருந்தவளைத்தான் போய்ப் பார்த்தேன்.

அதற்கு முன் அம்மாவும் நானும் கடைசியாக நன்றாகப் பேசிக்கொண்டது அந்தப் பூஜையில், சப்தமி காலையில். பந்தல் எங்கள் ஜன்னலுக்குக் கீழேதான். ஆறு பேர் டாக் அடித்துக்கொண்டிருந்தார்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்போது பார்த்து மன்னி கூப்பிட்டு, ஃபோனை அம்மா காதில் வைத்தாள்.

"என்னடி சத்தம்?" என்றாள் அம்மா. வார்த்தை அன்றைக்குத் தெளிவாக வந்தது.

"இங்க பூஜைம்மா. மேளம் கொட்டறா."

"நன்னா இருக்கே."

ஆமாம்மா என்றேன்.

"எப்ப வரேன்னு அப்புறம் சொல்லு. இப்ப அதைக் கேக்கறேன். கிட்ட கொண்டு போ."

ஃபோனை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன். என் டிக்கெட், மன்னிக்குக் கொடுக்க வைத்திருந்த ஆயா சம்பளம், அவருடைய பல், எல்லாவற்றையும் சேர்த்துக் கீழே அடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் வந்து நின்ற என் பெண்ணுக்கும் புரிந்திருக்க வேண்டும், அவள் என் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. கொட்டு கொஞ்சம் அடங்கியதும் ஃபோனைக் காதில் வைத்தேன்.

"போதும்டி" என்றாள் அம்மா. "கை வலிக்கும் உனக்கு. வெச்சுடு."