ஒன்பதாவது மனு

கடலூர் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே, புங்கமரத்தடியில், ஒரு மடக்கு மேஜை போட்டு லூர்துசாமி இருபத்தாறு வருடமாக மனு எழுதுகிறார். வயது ஐம்பத்து மூன்று. மற்ற நாட்களில் டீக்கடைப் பேப்பரை வரிவரியாகப் படிக்க நேரமிருக்கும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். அன்றைக்குத் தலை நிமிர முடியாது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி என்று எங்கெங்கிருந்தோ ஜனங்கள் பஸ் பிடித்து வந்து இறங்குவார்கள். ஆபீஸ் வாசலில் போலீஸ் பையைத் திறந்து மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், அவர்கள் உட்காரும் நாற்காலி லூர்துசாமியுடையது.

வீட்டுமனைப் பட்டாவுக்கு மனு எழுத அவருக்கு ஏழு நிமிடம் போதும். 'மேற்கண்ட முகவரியில் அரசு புறம்போக்கு இடத்தில் குடிசை அமைத்துப் பல ஆண்டுகளாக வசித்து வருகிறேன்' என்று ஆரம்பித்து, 'கருணை உள்ளத்துடன் ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடியும். பேரும் ஊரும்தான் மாறும். என்ன வகைப் புறம்போக்கு என்று மட்டும் எழுதமாட்டார். அந்த மரத்தடியில் யாருமே எழுதமாட்டார்கள்.

இந்தத் தொழிலுக்கு அப்பால் அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு நாடகம். பங்குக் கோயிலில் ஏசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடகத்தில் பதினோரு வருடம், அவருக்குத் தீர்ப்புச் சொல்லும் பிலாத்துவாக நின்று கை கழுவியவர். கணீரென்ற அந்தக் குரலைக் கேட்டுத்தான் சிதம்பரத்தில் நாடகக் குழு வைத்திருக்கும் வினோதினி டீச்சர் அவரைக் கூப்பிட்டார். நாடகம் டீச்சரே கற்பனையாக எழுதியது. இருநூற்றெழுபது வருடத்துக்கு முன், தேவனாம்பட்டினத்துக் கோட்டையில் கம்பெனி துரையிடம் நெசவாளிகள் முறையிட வருகிறார்கள். நடுவில் நிற்கும் துபாஷி, அதாவது இரண்டு பக்கத்துப் பேச்சையும் மாற்றிச் சொல்கிறவர், லூர்துசாமி.

ஞாயிறு மத்தியானம் ஒத்திகை. முகூர்த்தம் இல்லாத நாளில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தைக் கொடுப்பார்கள். மேஜைகளை ஓரமாக அடுக்கிவிட்டு நடிப்பார்கள். நெசவாளியாக வந்த அருண்பாண்டியன், பி.முட்லூரில் செல்போன் ரிப்பேர் செய்பவர், ஒரு பக்கம் முழுக்கப் பேசுவார்.

"நூலு வரல தொர. வந்ததும் இத்துப்போய் வந்துச்சு. தறியில பல்லி குடியிருக்குது. வூட்ல கஞ்சிக்கு வழியில்லாம ரெண்டு கட்டுத் துணிய புதுச்சேரிக்காரனுக்கு வித்துட்டோம். வயித்துக்குத்தான் வித்தோம்..."

புதுச்சேரிக்காரன் என்றால் பிரெஞ்சுக்காரன், துரைக்கு ஜென்ம விரோதி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு துபாஷி துரையிடம் திரும்பி ஒரே வரி சொல்கிறார்: "நூல் தாமதமாம். அவகாசம் கேட்கிறார்கள்."

"சார், அவன் ஒரு பக்கம் பேசுறான், நீங்க ஒரு வரி சொல்றீங்க. மீதி எங்க போச்சு?" என்று கேட்டார் வினோதினி.

"எழுதினது நீங்கதானே டீச்சர்!"

"வரி என்னுது. மனசு உங்களுது. மீதிய என்ன பண்ணான் இந்த ஆளு?"

"முழுங்கிட்டான். தொர முன்னாடி பவுசு காட்டத்தான்."

அருண்பாண்டியன் சிரித்தார். "மாமா, நீங்க மனு எழுதுறதும் இப்படித்தான்னு ஊர்ல பேசிக்கிறாங்க."

சும்மா கேலிக்குச் சொன்னது. ஆனால் திரும்பும் பஸ்ஸில், புதுச்சத்திரம் தாண்டும்வரை அது காதைவிட்டுப் போகவில்லை. அரைமணி நேரம் அழுது சொல்பவர்களிடம் தலையை ஆட்டிக்கொண்டே பன்னிரண்டு வரிதான் எழுதியிருக்கிறார். மாமியார் சண்டை, மழை, பாம்பு, புருஷன் விட்டுப்போனது எல்லாம் அவர் பேனாவில் செத்துப்போயின. ஆயிரம் பேர் ஒரே வார்த்தையில் கேட்டால், படிப்பவருக்கு ஒரே ஆள் ஆயிரம் தடவை நச்சரிக்கிற மாதிரிதானே இருக்கும்? இருபத்தாறு வருடத்தில் இப்படித் தோன்றியதே இல்லை. கடலூரில் இறங்கியபோது புதுச் சட்டை போட்டவர் மாதிரி நடந்தார்.

மறுநாள் இருசம்மாள் வந்தார். குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்துக் கிராமம், முந்திரிக்கொட்டை உடைக்கும் கம்பெனியில் வேலை. புருஷன் இல்லை. கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து மகள் பவானி கைக்குழந்தையோடு திரும்பி வந்து கூடவே இருக்கிறாள். பட்டா இல்லாததால் அரசு வீட்டுத் திட்டத்தில் பேர் சேர்க்க முடியவில்லை. எட்டு மனு போட்டாயிற்று, எட்டுக்கும் 'பரிசீலனையில் உள்ளது'. இது ஒன்பதாவது.

"வழக்கம்போல எழுது சாமி."

"இன்னிக்கு நீ சொல்லும்மா. நீ சொல்றத அப்படியே எழுதுறேன்."

"நான் என்னத்த சொல்ல? நான் பேசினா கழுத கனைக்கிறாப்புல இருக்கும்."

"கனை."

பக்கத்து மேஜைக் கலியமூர்த்தி எட்டிப் பார்த்தார். "என்னா மச்சான், கத கேக்குறியா? க்யூ நிக்குதுடா."

இருசம்மாள் சொன்னார். லூர்துசாமி எழுதினார்:

'அப்ப அது ஓடைங்க. தண்ணி வத்தின ஓடை. எங்க வீட்டுக்காரர் ராத்திரி பகலா தலச்சுமையா மண்ணு கொண்டாந்து கொட்டி மேடாக்கினாரு. நான் நெறமாசம், ஆனாலும் கூட சொமந்தேன். அந்த மண்ணுலதான் எம் பொண்ணு பொறந்துச்சு. அவரு அதே மண்ணுலதான் செத்தாரு. மழ பேஞ்சா இன்னமும் தண்ணி பழைய எடத்த தேடிக்கினு வாசலுக்கு வருது. நான் வாளியில மொண்டு ஊத்துறேன். எனக்குப் பட்டா குடுத்தா தண்ணிகிட்டயும் காட்டுவேன்.'

'ஓடை' என்று எழுதும்போது பேனா ஒரு கணம் நின்றது என்னவோ உண்மைதான். இது எழுதக்கூடாத ஏதோ ஒன்று என்று கை சொன்னது. அந்தத் துபாஷி மாதிரி நானும் முழுங்கவேண்டுமா என்று மனசு கேட்டது. எழுதிவிட்டார். படித்துக் காட்டியபோது இருசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் பேசினாப்புலயே இருக்குது சாமி."

எட்டு மனுவுக்கு வராதவர்கள் ஒன்பதாவதுக்கு வந்தார்கள். மூன்றாவது வாரம் இருசம்மாளிடமிருந்து போன்: "சாமி! ஆபீசருங்க ஜீப்புல வந்துட்டாங்க! டேப்பு புடிச்சு அளந்தாங்க! ஒருத்தரு நம்ம மனுவ கையிலயே வச்சிருந்தாரு. நீதானாம்மா இத சொன்னதுன்னு கேட்டாரு. நான்தான்னேன். நல்லா இருக்குதுன்னாரு!"

லூர்துசாமி அன்றைக்குக் கலியமூர்த்திக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த திங்கட்கிழமை இருசம்மாள் கதவில் ஒட்டியிருந்த நோட்டீசைக் கிழியாமல் உரித்துக் கொண்டுவந்திருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பட்டாதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பவானி படித்துவிட்டு, அம்மாவிடம் சொல்ல வாய் வராமல், மனுக்காரரிடமே கேட்டுக்கொள் என்று அனுப்பியிருக்கிறாள்.

கலியமூர்த்தி வாங்கிப் படித்தார். நீர்வழிப் புறம்போக்கு ஆக்கிரமிப்பு. பதினைந்து நாளில் அகற்ற வேண்டும். 'மனுதாரர் தமது மனுவில் தாமே தெரிவித்துள்ளபடி மேற்படி இடம் ஓடை என்பது உறுதியாகிறது.'

"ஓடைன்னு ஏன்யா எழுதின?" கலியமூர்த்தியின் தணிந்த குரலில் கேலி இல்லை. "ஓடைய எவனாலயும் பட்டா போட முடியாது, கோர்ட்டு உத்தரவு. புறம்போக்குன்னு விட்டிருந்தா பரிசீலனையிலயே கெடந்திருக்கும். அது பாட்டுக்கு இருந்திருக்கும், அந்தம்மா வாழ்ந்து முடிச்சிருக்கும்."

லூர்துசாமி நோட்டீசை வாங்கி மடித்தார். இருசம்மாளிடம் அவர்தான் சொன்னார். "பட்டா இல்லம்மா. வீட்ட எடுக்கச் சொல்றாங்க."

"நல்லா இருக்குதுன்னாரே அந்த ஆபீசரு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. அதான் முழுசாப் படிச்சிருக்காரு."

ஆட்சேபனை மனு எழுதினார். பழையபடி, கருணை உள்ளம், தாழ்மையுடன், ஆவன செய்யுமாறு. ஐந்தே நாளில் நிராகரித்துப் பதில் வந்தது. மாற்று இடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றது. விண்ணப்பித்தார். அது பரிசீலனையில் உள்ளது.

அந்த ஞாயிறு ஒத்திகைக்குப் போகவே மனமில்லை. ஆனாலும் போனார். அருண்பாண்டியன் தன் பக்கத்தைப் பேசி முடித்தார். லூர்துசாமி வெகுநேரம் நெசவாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துரை பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், தடுமாறாமல் அந்த ஒரு வரியைச் சொன்னார்.

"சார், இது வேற மாதிரி இருக்கு. என்ன பண்ணீங்க?" வினோதினி பேனாவை எடுத்துவிட்டார்.

"புதுச்சேரிக்காரனுக்கு வித்த சமாச்சாரத்த அவன் தொரகிட்ட சொல்லியிருந்தா அத்தன பேரையும் கோட்டையில கட்டிப் போட்டிருப்பானுங்க, டீச்சர். பவுசுக்கு முழுங்கல. அவனுக்குத் தொழில் தெரிஞ்சிருக்கு."

"நான் அப்படி நெனச்சு எழுதல சார். ஆனா இதுதான் சரி. இதையே புடிச்சுக்குங்க."

பிடித்துக்கொண்டார். தை மாதம் சிதம்பரத்தில் நாடகம் நடந்தது. அறுபது பேர் பார்த்தார்கள். துபாஷியின் ஒரு வரிக்குக் கூடம் அசையாமல் இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கைதட்டல் முடிவதற்குள் அவர் வேஷத்தைக் கலைத்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டார்.

நோட்டீஸ் கெடு முடிந்து, நாடகத்துக்கு அடுத்த புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு இருசம்மாள் வீட்டுக்கு ஜே.சி.பி. வந்தது. லூர்துசாமி அதற்கு முன்பே வந்திருந்தார். வராமல் இருக்க முடியவில்லை. பவானி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாத்திரங்களை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். வருவாய் ஆய்வாளர் இளவயதுக்காரர், கடுமையானவர் இல்லை. லூர்துசாமியைத் தனியாக அழைத்தார்.

"நீங்கதானே மனு எழுதுறவரு? தானா முன்வந்து காலி பண்றதா எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. கதவு, நெல, தகரம் எல்லாம் அவங்களே கழட்டிக்கலாம். ஒரு மணி நேரம் தர்றேன். இல்லன்னா மிஷின் எறங்கினா மொத்தமும் நொறுங்கிடும்."

லூர்துசாமி ஆட்டுரல் மேல் பேப்பரை வைத்து எழுதினார். 'எவ்வித வற்புறுத்தலும் இன்றி, எனது முழுச் சம்மதத்துடன்...' எழுதி முடித்துப் படித்துக் காட்டினார்.

"இத நான் சொல்லலியே சாமி?"

"சொல்லல."

"அப்புறம் ஏன் எழுதின?"

"இப்படி எழுதினாதாம்மா கதவு கெடைக்கும்."

இருசம்மாள் கொஞ்ச நேரம் கதவைப் பார்த்தார். வேப்பமரக் கதவு, கீழ்ப்பக்கம் தண்ணீர் ஏறிக் கறுத்திருந்தது. பிறகு கட்டைவிரலை நீட்டினார். லூர்துசாமி மை தடவி, அந்தக் கையைப் பிடித்து, பேப்பரில் வைத்து அழுத்தினார். ஆய்வாளர் வாங்கிப் பார்த்து, கடிகாரத்தையும் பார்த்தார்.

கீல்கள் துருப்பிடித்திருந்தன. அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து நால்வர் கழற்றவே இருபது நிமிடம் ஆயிற்று. ஒரு முனையை லூர்துசாமி பிடித்தார், மறுமுனையை இருசம்மாள். தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள்.

"எங்கம்மா எறக்கறது?"

இருசம்மாள் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"கொஞ்ச நேரம் இப்படியே புடிச்சிக்கினு இரு சாமி" என்றார்.