ஒற்றை பஸ்ஸும் வார லீவும்

சிங்காரவேலுவிடம் இருந்தது ஒரே ஒரு பஸ். அரியலூரில் விடியலில் கிளம்பி, குன்னம் வழியாகப் பெரம்பலூர் போய்த் திரும்பி, இருட்டும்வரை அந்த ஒரே ரோட்டில் நடை அடிக்கும். நிலத்தை விற்று, மனைவி கலியம்மாளின் காசுமாலையையும் விற்று வாங்கிய வண்டி. முதலில் அவரேதான் ஓட்டினார். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், கரியை எரித்து உண்டாக்கும் கரிவாயுவில் ஓட்டியபோது, குன்னத்துக்கு அப்பால் ஒரு மேட்டில் வண்டி இழுக்க மாட்டாமல் பின்னால் உருண்டு பள்ளத்தில் சாய்ந்தது. சந்தைக்குப் போன பெண் ஒருத்திக்குக் கை முறிந்தது. வைத்தியச் செலவெல்லாம் அவரே பார்த்தார். அதோடு ஸ்டீயரிங்கைத் தொடுவதை விட்டுவிட்டார்.

பிறகு வந்த டிரைவர்தான் அங்கமுத்து. உடையார்பாளையத்துக்காரன். அவனும் கண்டக்டர் தர்மனும் சிங்காரவேலு வீட்டிலேயே சாப்பிட்டு, பக்கத்துக் கொட்டகையில் படுத்துக்கொள்வார்கள். சம்பளம் கொஞ்சம்தான். ஆனால் கலியம்மாள் கை தாராளம்.

நாற்பத்தொன்பதாம் வருஷம் ஆவணியில் திருச்சி லேபர் ஆபீசிலிருந்து ஒரு கடுதாசி வந்தது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் முந்தின வருஷமே வந்துவிட்டது. பஸ் தொழிலாளிக்கு என்ன கூலி வைக்கலாம் என்று முதலாளிமார் வந்து சொல்ல வேண்டும் என்றிருந்தது. அதற்கு முன்னால் பஸ்காரர்கள் பெரம்பலூரில் கூடினார்கள். பல பஸ் வைத்திருந்த பெரிய முதலாளி ஒருவர் வழி சொல்லிக் கொடுத்தார்.

"சோறு போடுறோம், படுக்க எடம் குடுக்குறோம். அதுக்கெல்லாம் ஒரு வெலயப் போட்டு சம்பளத்துல சேத்துச் சொல்லிடுங்க. கையிலேருந்து ஒண்ணும் போவாது."

இது சிங்காரவேலுவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் இரண்டாவது பஸ்ஸுக்கு முன்பணம் கட்டிவிடலாம் என்றிருந்த சமயம் அது. வீட்டுக்கு வந்ததும் சந்தோஷமாக மனைவியிடம் சொன்னார்.

குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த கலியம்மாள் கரண்டியை எடுத்து வைத்தாள்.

"அப்ப இத்தன வருசமா நான் போட்டது சோறு இல்லயா? சம்பளமா?"

"சர்க்காருக்குக் காட்டத்தான்டி."

"அங்கமுத்து ரெண்டாந்தடவ சோறு கேட்டா அதையும் எழுதிக்குவீங்களா? வேல செஞ்சதுக்குக் காச கையில குடுங்க. சோறு என் இஷ்டம். அதுக்கு வெல போட்டீங்கன்னா இந்த அடுப்புல அவங்களுக்கு ஒலை ஏறாது, சொல்லிட்டேன்."

சிங்காரவேலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஆனால் திருச்சிக்குப் போகும்போது பெரிய முதலாளி சொன்னதையே மனசுக்குள் உருப்போட்டுக்கொண்டு போனார்.

ஆபீசர் சின்ன வயசுக்காரர், மரியாதையாகப் பேசினார். அவர் சம்பளத்தில் ஆரம்பிக்கவில்லை.

"உங்க டிரைவருக்கு வாரத்துல எந்த நாள் லீவு?"

"லீவுங்களா? வண்டி தெனமும் ஓடுதுங்களே!"

"வண்டி ஓடட்டும். நான் டிரைவரைக் கேட்டேன்."

இதற்கு யாரும் அவருக்குப் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. பிறகு சம்பளம் என்ன என்று கேட்டபோது, கையில் கொடுக்கும் ரொக்கத்தை மட்டும் சொன்னார். சோற்றைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

ஊருக்குத் திரும்பி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அங்கமுத்துவிடம் போய் நின்றார்.

"கடைசியா எப்ப வூட்டுக்குப் போன?"

"பங்குனியில, கொழந்தைக்கு மொட்ட போடப் போனேன்ணே."

"நடுவுல கேக்கக் கூடாதா?"

"கேட்டுட்டு? வண்டிய யாரு எடுக்குறது?"

அவன் குறையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டான். ஒரு நாளைக்கென்று வேறு டிரைவர் வைக்க ஒற்றை பஸ்காரருக்குக் கட்டாது. சிங்காரவேலு தன் டிரைவர் லைசென்ஸை மட்டும் விடாமல் புதுப்பித்து வந்திருந்தார். பானெட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம நான் எடுக்குறேன். நீ ஊருக்குப் போயிட்டு வா."

அந்த ஞாயிற்றுக்கிழமை குன்னம் தாண்டி அந்த மேடு வந்தபோது கை வியர்த்து வழுக்கியது. வேட்டியில் துடைத்துக்கொண்டு, முதல் கியரைப் போட்டு, உள்ளே இருந்தவர்கள் நடந்தே ஏறியிருக்கலாம் என்னும் வேகத்தில் வண்டியை ஏற்றினார். இப்போது பெட்ரோலில் ஓடிய வண்டி ஒரு முனகல் இல்லாமல் ஏறியது. மேலே போய்ச் சேர்ந்ததும்தான் மூச்சு விட்டார். ஆனால் கடைசி நடை முடிந்து இறங்கியபோது இடுப்பு நிமிரவில்லை. கண்ணெல்லாம் புழுதி.

கலியம்மாள் வெந்நீர் விளாவி வைத்தாள். "என்னங்க, ஒரு நாளைக்கே இப்புடியா?"

அவர் சொம்பில் மொண்டு இடுப்பில் ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் காலையில் அங்கமுத்து மடியில் முந்திரிக்கொட்டையோடு வந்தான். "போன தடவ யாரோன்னு அழுதாண்ணே எம் பய. இப்ப மடிய வுட்டு எறங்க மாட்டேங்குறான்."

மாதம் பிறந்ததும் சிங்காரவேலு இரண்டு பேருக்கும் ரொக்கச் சம்பளத்தை உயர்த்தினார். சர்க்கார் ரேட்டு இன்னும் வரவில்லை. வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்க அவருக்கு மனசு கேட்கவில்லை. இரண்டாவது பஸ் யோசனை தள்ளிப்போயிற்று. அதில் அவருக்கு வருத்தம் உண்டு. கலியம்மாளிடம் இரண்டொரு தரம் புலம்பவும் செய்தார். 'ஒத்த பஸ்ஸ வச்சுக்கிட்டு ஊரு நடப்பக் கெடுக்குறான்' என்று மற்ற முதலாளிகள் பேசியதும் காதுக்கு வந்தது. அதற்காகச் சண்டைக்குப் போகவில்லை.

தர்மனுக்குப் புதன்கிழமை லீவு. அன்றைக்கு டிக்கெட் கொடுப்பதும் முதலாளிதான். யாரிடம் காசு வாங்கினோம், யாரிடம் வாங்கவில்லை என்பது அவருக்கு நினைவிருக்காது. விவரம் தெரிந்த குன்னத்து வெங்காய வியாபாரிகள் புதன்கிழமையாகப் பார்த்து ஏறினார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவசரக்காரர்கள் யாரும் அந்த வண்டிப் பக்கம் வருவதில்லை. "இன்னைக்கு மொதலாளி ஓட்டுறாரு, கட்டுச்சோறு எடுத்துக்கிட்டு ஏறு" என்று பஸ் ஸ்டாண்டில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அவர் காதில் விழும். சிரித்துக்கொண்டே ஹாரனை அழுத்துவார்.