வயலுக்கே போய்க் கேட்ட ஸ்டெல்லா அக்கா

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது லீலா அழைத்தாள். "ஸ்டெல்லாக்கா போயிட்டாங்க அக்கா" என்றாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பினேன்.

ஸ்டெல்லா அக்காவின் பிடிவாதம் உங்களுக்கெல்லாம் தெரியும். பஞ்சாயத்தின் விவசாயக் கணக்கெடுப்புக்கு நாங்கள் இருவரும் சேர்ந்துதான் போவோம். எந்த வீட்டிலும் ஆண் நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்வார். பெண் சாயா கொடுத்துவிட்டுக் கதவோரம் நிற்பாள். விவசாயி யார் என்று கேட்டால் அவளே கணவனைக் காட்டுவாள். அக்காவுக்கு இது ஆகவே ஆகாது. பாதி சாயாவில் எழுந்து வயலுக்கு வழி கேட்பார். அங்கே வைத்து அந்தப் பெண்ணிடம், மண் அணைத்தது யார், உரம் சுமந்தது யார், களை பறித்தது யார் என்று வேலை வேலையாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆன நேரத்தையும் குறித்துக்கொள்வார். "கேள்வி கோணலாட்டு இருந்தா பதிலும் கோணலாட்டுத்தான் வரும்" என்பார்.

லீலாவை அப்படித்தான் கண்டோம். கணவர் சுகுமாரனுக்குத் திருவனந்தபுரத்தில் கொத்து வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். வாழையும் பயறும் முழுக்க அவள் பாடு. ஆனாலும், "கிருஷி அவருக்க பேரிலாக்கும். நான் சும்மா கூட நிப்பேன்" என்றாள். எங்கள் பக்கத்தில் விவசாயத்தைக் கிருஷி என்போம். கால்வாய்த் தண்ணீரை முறை வைத்து விடும் குழுவிலும் அவர்தான் உறுப்பினர். அவர் கூட்டத்துக்கு வருவதில்லை. லீலா போனால் பேச விடுவதில்லை. குலை தள்ளும் நேரத்தில் அவள் முறை தள்ளிக்கொண்டே போக, வாழை வாடத் தொடங்கியது.

அக்கா குழுவோடு சண்டைக்குப் போவார் என்றுதான் நினைத்தேன். அவரோ ஒரு ஞாயிற்றுக்கிழமை சுகுமாரனைப் பார்க்கப் போனார். லீலாவின் ஒரு நாளை வேலை வேலையாகச் சொன்னார். சுகுமாரனின் முகம் கறுத்தது. குற்றம் சொல்ல வந்தீர்களா என்று கேட்டார்.

"இல்ல தம்பி. உனக்க வீட்டில நல்லொரு கிருஷிக்காரி உண்டு. அது உனக்குத் தெரியண்டாமா?"

அடுத்த கூட்டத்துக்குச் சுகுமாரன் வேலைக்குப் போகாமல் லீலாவோடு வந்தார். என்றைக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டார்கள். "எனக்குத் தெரியாது. கிருஷி செய்யது அவளாக்கும். எனக்க பேரை வெட்டிட்டு அவ பேரை எழுதுங்க" என்றார். அக்கா ஒன்றும் நடக்காததுபோல் லீலாவுக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். அந்த வாரமே தண்ணீர் வந்தது. இன்று அந்தக் குழுவில் பெண்கள் பலர் இருக்கிறார்கள். அக்காவோடு வேலை செய்தவள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அடக்கத்துக்கு வந்திருந்த லீலாவிடம், அக்காவின் உறவினர் ஒருவர் நீ யாரம்மா என்று விசாரித்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கிருஷிக்காரியாக்கும்" என்றாள்.

அக்காவின் கேள்விகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். அந்தப் பதிலை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.