பாயின் சட்டைப்பையில் இருந்த வரைபடம்

என் கையெழுத்தில் உள்ள ஒரு காகிதத்தை இன்னொருவரின் சட்டைப்பையிலிருந்து போலீசார் வெளியே எடுக்கும்போது, அது என்னுடையது என்று சொல்ல நான் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளலாம்? ஒரு நொடிக்கு மேல் கூடாது என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுவேன். அன்று செங்கல்பட்டுச் சாலையில் நான் எடுத்துக்கொண்டது ஏறக்குறையக் கால்மணி நேரம்.

நாற்பத்திரண்டாம் ஆண்டு, புரட்டாசி மாதம். பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகள் கழிந்து, அரசாங்க உத்தியோகம் ஒன்றுக்குத் தேர்வாகி, நியமன உத்தரவுக்காக மயிலாப்பூரில் காத்திருந்தேன். உத்தரவு வருமுன் போலீசார் நடத்தையை விசாரிப்பது வழக்கம். தியாகராய நகரில் இருந்த என் நண்பன் சட்டம் படித்துக்கொண்டிருந்தான். நாங்கள் இருவரும் தேனாம்பேட்டையில் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒரு மாலைப் பள்ளி நடத்தி வந்தோம். அந்தப் பிள்ளைகளை ஒருநாள் மாமல்லபுரம் அழைத்துச் செல்வது எங்கள் எண்ணம். அதற்கு முன்பாக நாங்களே ஒரு முறை போய், வழியையும் தண்ணீர் கிடைக்கும் இடங்களையும் பார்த்து வருவது என்று முடிவு செய்தோம்.

பெட்ரோல் ரேஷனில் இருந்த காலம். பின்புறம் கரி அடுப்பு பொருத்தி, அதன் வாயுவால் ஓடும் வாடகைக் கார் ஒன்றை அமர்த்தினோம். அதன் சொந்தக்காரரும் டிரைவரும் ஒருவரே. ராயப்பேட்டையில் தலைமுறைகளாக இருந்துவரும் குடும்பத்தைச் சேர்ந்தவர். எல்லோரும் அவரைப் பாய் என்றே அழைப்பார்கள். பல ஆண்டுகள் பிறருக்கு ஓட்டிய பிறகு வாங்கிய வண்டி. வீட்டில் ஏழு பேர் அதை நம்பியிருந்தார்கள்.

புறப்படுவதற்கு முந்தைய இரண்டு நாட்கள் செலவிட்டு ஒரு வரைபடம் தயாரித்திருந்தேன். வழியில் செங்கல்பட்டை அடுத்த வல்லத்துக் குகைக்கோயில்களுக்குத் திரும்பும் இடம் தெரியாமல் போய்விடக்கூடாது என்பதற்காக, ஒருமுறை அங்கே போய்வந்த ஒருவரிடம் கேட்டு ஒவ்வொரு பாலத்தையும் வரிசை எண்ணிட்டுக் குறித்தேன். ரயில்வே கேட்டுகளைச் சிவப்பு மையால் காட்டினேன். "கேட்டைத் தாண்டிப் பதினாறாவது தந்திக் கம்பம், இடப்பக்கம் திரும்புக" என்று எழுதினேன். சுதந்திரப் போராட்டத்தில் நாடு முழுவதும் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு, தந்திக் கம்பிகள் அறுக்கப்பட்டுவந்த மாதங்களில் இப்படி ஒரு காகிதத்தை எழுதியவன் அதைப் பெருமையோடு எழுதினான் என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

விடியற்காலையில் பாய் வந்ததும் அதை அவர் கையில் கொடுத்தேன்.

"இன்னா சாமி இது, கோடு கோடா கீது?"

"உங்க ரோட்டுக்கு ஜாதகம் கணிச்சிருக்கான் பாய்," என்றான் நண்பன். "ராத்திரியெல்லாம் முழிச்சிண்டு எழுதினான். பத்திரமா வெச்சுக்கோங்கோ."

"இந்த ரோட்டுல பத்து வருசமா போய்க்கினு கீறேன். ஜாதகம் பார்த்துதான் கண்ணாலம் கட்டணுமா?" என்று சிரித்தார். ஆயினும் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது, உருது மட்டும் படிப்பார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை.

வரைபடத்தை ஒருமுறைகூடப் பிரிக்காமலே வல்லத்துக்குச் சரியாகத் திரும்பினார். குகைகளைப் பார்த்துவிட்டுத் திருக்கழுக்குன்றம் போனோம். மலை ஏற நேரமில்லை. அங்கிருந்து உப்பங்கால்வாய்க் கரை வரை வண்டி போயிற்று. நாங்கள் படகில் அக்கரை சென்றோம்; கரி அடுப்பைக் கிளறிவிடவேண்டும் என்று பாய் வண்டியோடு நின்றுவிட்டார். கடற்கரைக் கோயிலைச் சுற்றிச் சுடுமணலில் நடந்து, பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நிழல் தேடியதே எங்களுக்குச் சரியாக இருந்தது. சிற்பங்களைப் பற்றி எழுதிக்கொள்ள வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வரிகூட நிரம்பவில்லை.

திரும்பும் வழியில் செங்கல்பட்டில் காப்பி குடித்தபோதே ஊர் சரியாக இல்லை. கடைக்காரர் தாழ்ந்த குரலில், "மத்தியானம் எங்கியோ கம்பிய அறுத்துட்டாங்களாம். சீக்கிரம் ஊர் போய்ச் சேருங்க," என்றார். ஊரைக் கடந்து மூன்று மைல் வந்திருப்போம். காலையில் ஆளில்லாமல் கிடந்த பாலத்தின் முன்னால் ஒரு லாரியும் நான்கு போலீஸ்காரர்களும் நின்றிருந்தார்கள். கை காட்டினார்கள். பாய் வண்டியை நிறுத்தினார்.

சப்-இன்ஸ்பெக்டர் எங்களைக் கீழே இறங்கச் சொன்னார். வெள்ளை வேட்டியும் கோட்டும் அணிந்த எங்கள் இருவரையும் யாரும் தொடவில்லை. பாயை மட்டும் கைகளைத் தூக்கச் சொல்லிச் சோதித்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் அவருடைய பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார்.

சப்-இன்ஸ்பெக்டர் அதை வண்டியின் முன்புறத்தில் விரித்து நெடுநேரம் பார்த்தார். அவருடைய விரல் பாலங்களின் எண்கள் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. நாங்கள் நின்றிருந்த பாலத்துக்கு நான் இட்ட எண் ஏழு. அங்கே விரல் நின்றது.

"யாருதுய்யா இது?"

"எங்கிட்ட இருந்தது சார்," என்றார் பாய்.

"அதான் தெரியுதே. யார் எழுதினது? என்னத்துக்கு?"

"எனக்குப் படிக்க வராது சார்."

"படிக்க வராதவன் பையில பாலம் கணக்கு, கம்பம் கணக்கு. நல்லா இருக்குய்யா உன் கதை!"

நான் வாயைத் திறந்தேன். நண்பன் என் முழங்கையைப் பற்றினான். "சும்மா இருடா," என்று உதடு அசையாமல் சொன்னான். "இப்ப உன் பேரை எழுதிண்டா உத்தியோகம் போச்சு. நாளைக்கு யாராவது பெரிய வக்கீலைப் பிடிச்சு அவரை வெளியில கொண்டுவந்துடலாம். ஜாமீன் கிடைக்கும்."

அவன் கெட்டவன் அல்லன். சட்டப்படி யோசித்தான். நானும் யோசித்தேன், அதுதான் என் குற்றம். உத்தியோகம் கிடைத்தால் மாலைப் பள்ளிக்கு ஓர் இடம் வாடகைக்குப் பிடிக்கலாம், பாய் குடும்பத்துக்கும் உதவலாம், நான் உள்ளே போனால் யாருக்கு லாபம் என்றெல்லாம் நியாயங்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் ஒழுங்காகவே இருந்தது. இதற்கிடையில் பாய் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவர் எண்ணுவதாக நினைத்து, அதற்காக உள்ளூர நன்றி பாராட்டிக்கொண்டேன்.

கரி அடுப்பு அணைந்து புகை நின்றுவிட்டது. கான்ஸ்டபிள் வண்டியின் எண்ணை எழுதிக்கொண்டார். "வண்டி இங்கியே இருக்கட்டும். ஆளை ஏத்து," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். பாய் லாரியின் பின்பலகையில் கை வைத்தார். ஏறுவதற்கு முன் தம் வண்டியைப் பார்த்தார். "சார், அடுப்பு மூடியக் கொஞ்சம் இறுக்கிட்டு வரேன் சார். காத்துப் பூந்தா கரி திரும்பப் பிடிச்சுக்கும், வண்டி எரிஞ்சி பூடும்," என்றார். கான்ஸ்டபிள் ஏறும்படி கை காட்டினார். பாய் ஏறி உட்கார்ந்தார். லாரியின் எஞ்சின் உறுமத் தொடங்கியது.

அப்போதுதான் நான் சொன்னேன்: "அது நான் எழுதியது."

குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னேன். லாரியை நிறுத்தச் சொல்லிச் சப்-இன்ஸ்பெக்டர் என்னிடம் வந்தார்.

"இவ்வளவு நேரம் வாய்ல என்ன வெச்சிருந்தே?"

அவர் என் கையில் பென்சிலைக் கொடுத்து, காகிதத்தின் பின்பக்கத்தில் அதே சொற்களை எழுதச் சொன்னார். எழுதினேன். இரண்டு பக்கத்தையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். குகைக்கோயில், பள்ளிப் பிள்ளைகள், வழி தவறக்கூடாது என்ற கவலை எல்லாவற்றையும் விளக்கினேன். நண்பனும் முன்வந்து பேசினான். இனி மறைக்க ஒன்றும் இல்லை என்றானதும் அவன் நன்றாகவே பேசினான்.

"கோயிலைப் பார்க்கப் போறவனுக்குப் பாலம் எத்தனைன்னு என்னய்யா கவலை? வழில நாலு பேரைக் கேட்டா சொல்ல மாட்டாங்களா?"

"கேட்டிருக்கலாம்," என்றேன். அன்று நான் சொன்னவற்றுள் அவர் முழுமையாக நம்பியது அந்த ஒரு சொல்லைத்தான் என்று நினைக்கிறேன்.

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம், எந்த உத்தியோகத்துக்குக் காத்திருக்கிறேன் என்ற விவரம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். காகிதத்தை வைத்துக்கொண்டார். பாயை இறக்கிவிட்டு, எங்களைப் போகச் சொன்னார். பாய் இறங்கியதும் நேரே வண்டியின் பின்புறம் போய் மூடியை இறுக்கினார். பிறகு வண்டி கிளம்பவேண்டும் என்பது நினைவுக்கு வந்து, மறுபடி திறந்து கரியைக் கிளறினார்.

வண்டி தாம்பரம் தாண்டியது. பிறகு நான்தான் கேட்டேன்: "நான் கொடுத்ததுன்னு ஏன் பாய் சொல்லலை?"

"நான் சொன்னா அவன் நம்புவானா சாமி? நீங்க 'இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. நீங்க சொன்னாத்தான் எடுபடும். அதான் நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்துக்கினு இருந்தேன்." கியரை மாற்றிக்கொண்டே, "ரொம்ப நேரம் ஆக்கிட்டீங்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வழியில் ஒரு பஞ்சர் நேர்ந்ததைச் சொல்வதுபோல் சொன்னார். நண்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதன்பின் நிகழ்ந்தது இவ்வளவுதான். என்னோடு தேர்வானவர்களுக்குத் தை மாதத்தில் உத்தரவு வந்தது, எனக்கு வரவில்லை. காரணத்தை நான் விசாரிக்கவில்லை. அடையாற்றில் ஒரு பள்ளியில் ஆசிரியனாகச் சேர்ந்தேன். பிள்ளைகளை மாமல்லபுரம் அழைத்துப்போகும் திட்டத்தை யுத்தம் முடியும் வரை தள்ளிவைத்தோம். வண்டி எண் போலீஸ் நோட்டில் ஏறிவிட்டது என்று பாய் கிண்டிக்கு அப்பால் சவாரி ஏற்றுக்கொள்வதை நிறுத்திவிட்டார். வெளியூர்ச் சவாரியில்தான் அவருக்கு நல்ல வருமானம் இருந்தது.