பெரிய டாக்டரின் கையுறை

எண்பதுகளின் கடைசியில் எய்ட்ஸ் உலகமெங்கும் பரவிக்கொண்டிருந்தது. அதுவரை, இதய அறுவைக்கு மயக்கம் கொடுக்கும் நாங்கள் வெறுங்கையாலேயே ஊசி குத்துவோம், மூச்சுக்குழாய்க்குள் டியூப் இறக்குவோம். ரப்பர் கையுறை அறுவை செய்பவருக்கு மட்டும்தான். அதையும் கழுவிப் பவுடர் போட்டுத் திரும்பப் பயன்படுத்துவோம். எச்சிலும் ரத்தமும் விரலில் படுகிற வேலை. அதனால், யாருக்கு நோய் என்று பார்க்காமல் எல்லோருக்கும் கையுறை போட்டே மயக்கம் கொடுப்பதென்று முடிவெடுத்தேன். எங்கள் மயக்கப் பிரிவுக்குத் தலைவரான பெரிய டாக்டருக்கு அது பிடிக்கவில்லை.

"ஒறை மாட்டிக்கிட்டா நாடி எப்படிய்யா தெரியும்?" என்பார்.

முதல் நாள் மேசையில் படுத்தவர் தட்டாஞ்சாவடிப் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் அக்கா. இதய வால்வு சுருங்கி, நாலடி நடந்தாலே மூச்சிரைப்பவர். என் கையைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா தம்பி, எனக்கு அந்த நோவு இருக்குதா? என்னைத் தொடக் கூசுதா?"

"இல்லக்கா. இனிமே எல்லாருக்கும் இப்படித்தான். கவர்னரே வந்து படுத்தாலும் ஒறைதான்."

"அப்ப அவரு ஏன் போடல?" என்று பெரிய டாக்டரைக் காட்டினார். "அவரும் போட்டாத்தான் படுப்பேன். இல்லன்னா வூட்டுக்குப் போறேன்."

போனால் திரும்பி வரமாட்டார், அந்த வால்வும் அதிக நாள் தாங்காது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பெரிய டாக்டர் என்னை முறைத்தார்.

"நீ சொல்லிக்குடுத்தியா?"

"இல்ல சார்."

ஒரு ஜோடியை நீட்டினேன்.

"சின்ன சைஸாப் பாத்துக் குடுக்கறான்" என்று முனகியபடி மாட்டிக்கொண்டார்.

அக்கா படுத்துக் கையை நீட்டினார்.

"இப்பக் குத்து, தம்பி."