மடிப்பு விழாத தகரம்

அண்ணன் வாழ்நாளெல்லாம் யார் கண்ணிலும் படாத வேலையைத்தான் செய்தார். பெரிய கட்டடங்களில் ஏசி காற்று அறைக்கு அறை போவதற்குக் கூரையை ஒட்டித் தகரத்தில் ஒரு பாதை ஓடும். டக்ட் என்பார்கள். தகரத்தை வெட்டி, மடித்து, தட்டி அதைச் செய்வது அவர் தொழில். வேலை முடிந்த கையோடு கீழே அட்டைக் கூரை போட்டு மூடிவிடுவார்கள். உங்கள் அண்ணன் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், "மேல பாருங்க, ஒண்ணும் தெரியாது, அதுதான்" என்பேன்.

தகரத்தைத் தட்டித் தட்டியே காது போனது. ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் காலிங் பெல் கேட்கவில்லை, பிறகு அண்ணி கூப்பிடுவது கேட்கவில்லை. பெண்டாட்டி கூப்பிடுவது எந்தப் புருஷனுக்குத்தான் கேட்கிறது என்று நாங்கள் கேலி செய்தோம். கேலி செய்து முடிப்பதற்குள் மொத்தமும் போய்விட்டது. காதில் மாட்டும் மெஷினும் கைகொடுக்கவில்லை. கீழேயிருந்து கத்தினால் கேட்காத ஆளைச் சாரத்தில் ஏற்ற முடியாது என்று மேஸ்திரி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அவரிடம் பேசுவதில்லை. பகையெல்லாம் இல்லை. பேசுவது சிரமம், அவ்வளவுதான். முகத்துக்கு நேராக நின்று, உதடு தெரிய, நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும். அப்படியும் புரியாவிட்டால் எழுதிக் காட்ட வேண்டும். அண்ணியும் மகளும் நானும் எதையாவது பேசிச் சிரித்துக்கொண்டிருப்போம். அண்ணன் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன, என்ன சொன்னா?" என்பார். "ஒண்ணுமில்ல" என்று அண்ணி கையை ஆட்டிவிடுவார். ஒன்றுமில்லாததற்கா மூன்று பேர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்? எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்து என்ன பிரயோசனம், தையல் மெஷினை விட்டு நானும் எழுந்துபோய்ச் சொன்னதில்லை.

அண்ணன் மகளை இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். மூக்குக்கண்ணாடி போட்ட, இரண்டு இடத்தில் வேலை பார்த்துவிட்ட பாப்பா. கடைசியாக இருந்த அலுவலகத்தை மூடியபோது, யாருக்கும் வேண்டாமென்று கிடந்த ஒரு கம்ப்யூட்டரின் பாகங்களை வாங்கி வந்தாள். உள்ளுறுப்பெல்லாம் நன்றாக இருந்தது, உடம்புதான் இல்லை. பெட்டி நசுங்கிவிட்டதாம். பாகங்களெல்லாம் பொருந்தியிருந்த பச்சைப் பலகையை மேஜை மேல் அட்டை போட்டுப் பரப்பி வைத்து, வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்தாள். கூட்டங்களில் பேசியதையெல்லாம் பதிவு செய்து அனுப்புவார்கள். இவள் ஹெட்போனில் கேட்டுக் கேட்டு அப்படியே தட்டச்சு செய்து தர வேண்டும்.

அண்ணன் அந்த மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு கேட்டார், "இதுக்கு ஒரு பெட்டி நான் செஞ்சு தரட்டுமா?"

சும்மா சொல்லக்கூடாது, அந்த நாட்களில் அவர் வேறு ஆள். செத்துப்போன வாஷிங் மெஷினின் பக்கத் தகடுகளைப் பழைய இரும்புக் கடையிலிருந்து தூக்கி வந்தார். காற்றுப் போக வர ஓர் உடைந்த ஸ்பீக்கரின் வலை. பலகை தகரத்தில் படாமல் நிற்பதற்குப் பழைய ரேடியோவிலிருந்து பித்தளைக் கால்கள். ஆன் செய்யும் பொத்தானுக்கு எங்கள் வீட்டுக் காலிங் பெல்லையே கழற்றிவிட்டார். வாசலில் வந்தவர்கள் கதவைத் தட்டட்டும் என்றார்.

பாப்பாவும் பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. எந்த வயர் எங்கே வரும், எது சூடாகும், விசிறி காற்றை உள்ளே இழுக்குமா வெளியே தள்ளுமா. இருவரும் எதிரெதிரே தரையில் உட்கார்ந்துகொண்டு, அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல, அவர் தகரத்தில் பென்சிலால் கோடு போட்டார். காது போனதிலிருந்து அவரிடம் யாரும் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. அண்ணி அடுப்படி வாசலில் நின்று பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

வாஷிங் மெஷினின் வெள்ளைப் பெயிண்ட்டில் ஒரு கீறல் விழவிடவில்லை அண்ணன். "நான் செஞ்சதுலயே நாலு பேர் பாக்கப்போறது இது ஒண்ணுதான். கடையில வாங்கினது மாதிரி இருக்கணும்."

இருந்தது. பொத்தானை அழுத்தியதும் நீல விளக்கு எரிந்தது. கூடவே தகரம் கடகடவென்று அதிர ஆரம்பித்தது. கல் ரோட்டில் காலி எண்ணெய் டின்னை இழுத்துப் போவது போல ஒரு சத்தம். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணன் மகளைப் பார்த்தார். அவள் சிரித்து, தலையை ஆட்டி, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

சத்தத்தில் பாதி வார்த்தைகள் பாப்பாவின் காதில் விழவில்லை. தப்பும் தவறுமாகப் போய், அனுப்பிய வேலை திரும்பி வந்தது. இன்னொரு முறை இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணிதான் யோசனை சொன்னார். யாரோ பயன்படுத்திய பெட்டி ஒன்றை வாங்கி, பாகங்களை அதற்குள் மாற்றி, மேஜைக்கு அடியில் வைத்துத் திரை போட்டுவிடுவது. மேலே அண்ணனின் பெட்டி, உள்ளே வெறும் நீல விளக்குக்கு மட்டும் ஒரு வயர். "அவரு மனசு நோகக்கூடாது" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். திரைக்குத் துணி வெட்டிக் கொடுத்ததும் நான்தான்.

மின்சார மீட்டர் பார்க்க வந்தவரையும் அண்ணன் விடவில்லை. உள்ளே கூப்பிட்டு, "நான் செஞ்சது" என்று பெட்டியைக் காட்டினார். அவர் பாராட்டிவிட்டுப் போனார். மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒருநாள் சாயங்காலம் பாப்பா வேலையில் இருந்தாள். வெயில் அதிகம், உள்ளே சூடு ஏறுகிறதா பார்ப்போம் என்று அண்ணன் வந்து பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. பக்கவாட்டில் வைத்துப் பார்த்தார், பின்னால் வைத்துப் பார்த்தார். அவள் விரல்கள் விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருந்தன, கம்ப்யூட்டர் திரையில் எழுத்து வந்துகொண்டிருந்தது. பெட்டியில் ஓர் அசைவும் இல்லை. பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு வயரும் ஒரு விளக்கும்.

எப்போதும் உரக்கப் பேசுகிற அண்ணன், மெதுவாகக் கேட்டார்: "எத்தன நாளா?"

"ஒண்ணுமில்லங்க, சும்மா…" என்று அண்ணி ஆரம்பித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துபோய் அவர் முகத்துக்கு நேராக நின்றேன். "சத்தம் போடுதுண்ணே. உங்க பெட்டி பயங்கரமா சத்தம் போடுது. இவளுக்கு வேலையே போயிருக்கும்."

புரியும்வரை என் உதட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார், "இதச் சொல்றதுக்கு என்ன? சைட்ல ஒருத்தன் தப்பு பண்ணா திட்டுவோம். திட்டாம விட்டோம்னா, நாளைலேருந்து அவன் வேலைக்கு வேண்டாம்னு அர்த்தம்."

அண்ணி அழுதுவிட்டார். பாப்பா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். அப்பாவின் கையை இழுத்து, உள்ளங்கையை விரித்து, பெட்டி எப்படிச் சத்தம் போட்டதென்று அதில் தன் விரல் நுனிகளால் படபடவென்று அடித்துக் காட்டினாள். சில நேரம் வேகமாக, சில நேரம் நின்று நின்று. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கினார்.

"மடிப்பு போடல" என்றார்.

காற்றில் தகரம் அதிராமல் இருக்க, டக்ட் செய்கிறவர்கள் ஒவ்வொரு தகட்டிலும் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போல ஒரு மடிப்புக் கோடு இழுப்பார்களாம். வாழ்நாளெல்லாம் ஒரு தகட்டில்கூட அவர் அதை விட்டதில்லை. வெள்ளைப் பெயிண்ட் போய்விடும், மகள் மேஜைக்கு அசிங்கமாக இருக்கும் என்று இதில் மட்டும் விட்டுவிட்டார். அன்றைக்கே எல்லாத் தகட்டிலும் மடிப்பு இழுத்தார். பெயிண்ட் கோடு கோடாக உதிர்ந்தது. பாகங்களைத் திரும்ப மாட்டி, பொத்தானை அழுத்தினார்கள். விசிறியின் மூச்சு மட்டும் லேசாகக் கேட்டது.

"இப்ப எப்படி?" என்று மகளைக் கேட்டார்.

"சத்தமே இல்லப்பா" என்று அவள் தலையை ஆட்டினாள்.

அண்ணன் அவளையே பார்த்தார். "அன்னிக்கும் இப்படித்தான் தலைய ஆட்டுன."

சத்தியம் செய்தாலும் அவர் காதில் விழாது. அவள் நாற்காலியைத் தள்ளி, காலடியில் இருந்த மிதியைக் காட்டினாள். ஒரு வார்த்தை சரியாகக் கேட்காவிட்டால் காலால் இதை மிதிப்பாளாம், பதிவு பின்னால் போய் மறுபடி ஓடுமாம். "சத்தம் இருந்தா மிதிச்சுக்கிட்டே இருப்பேன். நீங்களே பாருங்க."

அண்ணன் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து அவள் பாதத்தைப் பார்த்தார். அவள் வேலையைத் தொடங்கினாள். நான் தைப்பதை நிறுத்திவிட்டேன். பாதம் அசையவில்லை. மேலே விரல்கள் ஓடின, கீழே பாதம் அப்படியே இருந்தது. திடீரென்று மிதித்தது.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். பாப்பா ஹெட்போனைக் கழற்றிவிட்டு, நாற்காலியிலிருந்து இறங்கி அவர் எதிரில் உட்கார்ந்தாள். "பேசுறவரு இருமிட்டாருப்பா. அதுல ஒரு வார்த்தை போயிடுச்சு."

"இருமலா?"

"ஆமா. சளி இருமல்."

"வயசானவரா?"

"குரல் அப்படித்தான் இருக்கு. அடுக்குமாடி வீட்டுக்காரங்க கூட்டம். லிஃப்ட் ஓடலன்னு சண்டை. இவரு அஞ்சாவது மாடியாம்."

"அப்புறம்?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். வேலை அப்படியே நின்றது. யார் எழுந்து என்ன கேட்டார், யார் கோபித்துக்கொண்டு போனார் என்று ஒவ்வொன்றாக, உதடு தெரிய, நிறுத்தி நிறுத்தி. நான் மறுபடி தையல் மெஷினை ஓட்ட, அந்தச் சத்தத்தில் எனக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை, அண்ணி அடுப்படிக்குப் போயிருந்தார். அன்று ராத்திரி சாப்பிடும்போது, அந்த லிஃப்ட் சண்டையை அண்ணன் எங்களுக்குச் சொன்னார். நானும் அண்ணியும் அதை அப்போதுதான் கேட்டோம்.